வேறு உலகங்களில் வாழும் தன்னையே தேடிச் செல்லும் நாயகி: அவள் என்ன உதவி செய்யலாம்?

கீரிமலைக்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் எழுதத் தொடங்கியிருக்கும் தொடர்கதை ஒன்றின் அடித்தளத்தை, முதல் அத்தியாயத்தை வெளியிடுவதற்கு முன்னர், உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். கதாநாயகியின் பெயர் வதனி. 1979 பெப்ரவரி 10ஆம் திகதி மானிப்பாயில் பிறந்தவள். இப்போது யாழ்ப்பாண நகரத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கிறாள். ஓர் உலகத்திலிருந்து அதற்கு இணையான இன்னோர் உலகத்துக்குக் கடந்து செல்லும் வழி அவளுக்குத் திறக்கிறது. சென்ற உலகம் ஒவ்வொன்றிலும் வேறு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருக்கும் இன்னொரு வதனியை அவள் சந்திக்கிறாள். ஒருத்தி ரொறன்ரோவில் இருக்கிறாள். ஒருத்தி வெள்ளவத்தையில் இருக்கிறாள். ஒருத்தி கிளிநொச்சியில் இருக்கிறாள். இடர்ப்பட்டு நிற்கும் அந்த வதனிகளுக்கு இவள் கைகொடுக்கிறாள் என்பதே கதை.

இரண்டு விதிகளை ஏற்கெனவே வகுத்துவிட்டேன். அவள் பக்கவாட்டில் மட்டுமே போகலாம், காலத்தில் பின்னோக்கிப் போக முடியாது. இங்கே இன்று என்ன திகதியோ அங்கேயும் அதே திகதிதான். கையில் ஏந்தக்கூடியதை மட்டுமே அவள் கொண்டுசெல்லலாம். உலகங்கள் பிரியும் இடங்களாக அவள் தன் வாழ்வில் எடுத்த முடிவுகளை வைத்திருக்கிறேன்: உயர்தரத்தில் கணிதப் பிரிவா கலைப் பிரிவா, வந்த வரனை ஏற்பதா மறுப்பதா, வெளிநாடு போவதா ஊரில் இருப்பதா என்பன போன்றவை. இந்த அமைப்பில் ஓட்டை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

பௌதிக ஆசிரியர் எழுதியது:

கதை எழுதுவதற்குப் பௌதிகவியலிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆயினும் கேட்டு வைத்தால் சில நல்ல கட்டுப்பாடுகள் இலவசமாகக் கிடைக்கும் என்பதால் சொல்கிறேன். இத்தகைய பல உலகங்கள் என்ற எண்ணத்துக்கு அறிவியல் வடிவம் கொடுத்தவர் ஹியூ எவரெட். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோன் வீலரின் மாணவராக இருந்து, 1957இல் அவர் தமது ஆய்வை வெளியிட்டார். ஓர் அணுவை அளக்கும்போது நிகழக்கூடிய முடிவுகளில் ஒன்று மட்டும் நிகழ்ந்து மற்றவை மறைந்துவிடுவதில்லை, எல்லாமே நிகழ்கின்றன, அளப்பவரும் அவற்றோடு சேர்ந்து கிளைக்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். அக்காலத்தில் அதற்குப் பெரிய வரவேற்பு இருக்கவில்லை. அவரும் பல்கலைக்கழக வாழ்வை விட்டுப் பாதுகாப்புத் துறை ஆய்வுக்குப் போய்விட்டார். 1970இல் பிரைஸ் டிவிட் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே அது பரவலாகப் பேசப்பட்டது.

உங்கள் நாயகிக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. குவாண்டம் கொள்கையின் அடிப்படைச் சமன்பாடு நேரியல் தன்மை உடையது, அதாவது அதன் தீர்வுகளை ஒன்றோடொன்று கூட்டினாலும் ஒன்று மற்றதை மாற்றாது. ஆகவே ஒருமுறை பிரிந்து விலகிய கிளைகள் ஒன்றையொன்று அறியாமல் தத்தம் வழியில் போகும். ஸ்டீவன் வைன்பேர்க் 1989இல் அந்தச் சமன்பாட்டில் மிகச் சிறிய நேரிலாப் பகுதி ஒன்று இருக்கக்கூடுமா என்று ஆராய்ந்தார். அப்படி ஒன்று இருந்தால் பிரிந்த கிளைகள் தமக்குள் செய்தி பரிமாறவும் கூடும் என்று 1991இல் ஜோசப் பொல்சின்ஸ்கி காட்டினார். அதற்கு எவரெட் தொலைபேசி என்ற பெயரும் நிலைத்துவிட்டது. சோதனைகளில் அத்தகைய பகுதி எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டது என்று கொள்வதே உங்கள் கதை செய்யும் ஒரேயொரு பொய்யாக இருக்கட்டும்.

இவ்வாறு கொண்டால் பயனுள்ள ஒரு விதி கிடைக்கிறது. வதனி போகும் உலகம் ஒவ்வொன்றும் அவளுடைய உலகத்திலிருந்து ஏதோ ஒரு நாளில் பிரிந்ததாகவே இருக்க வேண்டும். அந்த நாளுக்கு முன்னர் இரு வதனிகளும் இருவர் அல்லர், ஒருத்தியே. எங்கே பிரிந்தார்கள் என்பதை நீங்கள் ஒவ்வொரு முறையும் துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தால் மற்றவை தாமாக வரும்.

சாவகச்சேரியாள் எழுதியது:

கீரிமலைக்காற்று அவர்களே, உங்கள் எழுத்தை மதிப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன். கணிதப் பிரிவா கலைப் பிரிவா என்று தேர்ந்தெடுத்ததால் வாழ்க்கை பிரிந்தது என்பது, 1979இல் மானிப்பாயில் பிறந்த ஒருத்தியின் கதைக்குப் பொருந்தவில்லை. எங்கள் வயதுக்காரர்களில் எத்தனை பேருடைய வாழ்க்கையை எங்கள் தெரிவு தீர்மானித்தது? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்கியதால், மானிப்பாய் அடங்கிய வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது வதனிக்கு வயது பதினாறு. அன்றைக்கு யாரும் அவளிடம் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்துக்குள் அவளும் நடந்திருப்பாள்.

உலகங்கள் பிரிவதற்கு உகந்த இடம் 1996 ஏப்ரல் மாதம் என்பது என் எண்ணம். தென்மராட்சியில் பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் தெரிந்தவர் வீடுகளிலும் தங்கியிருந்த குடும்பங்கள், இராணுவம் அங்கும் வந்தபோது, இரண்டாகப் பிரிந்தன. ஒரு பகுதியினர் கிளாலியில் வள்ளம் ஏறி வன்னிக்குப் போனார்கள். மறு பகுதியினர் வலிகாமத்துக்குத் திரும்பி நடந்தார்கள். எந்தப் பக்கம் போவது என்று வீட்டுப் பெரியவர்கள் சில மணி நேரத்தில், சில வேளை ஓர் உறவினரின் வாய்ச்சொல்லை நம்பி, முடிவெடுத்தார்கள். திரும்பியவர்கள் சோதனைச் சாவடிகளுக்கும் காணாமற்போதல்களுக்கும் நடுவே யாழ்ப்பாணத்தில் படித்தார்கள். போனவர்களின் பாதை 2009இல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இங்கே நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரே தாய் பெற்ற ஒரே பிள்ளைக்கு இந்த இரண்டு வாழ்க்கையும் சம அளவில் சாத்தியமாக இருந்தன. இவ்வளவு பெரிய கிளை கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது உயர்தரப் பாடத் தெரிவைப் பற்றி எழுதுவது எனக்கு விளங்கவில்லை.

இன்னுமொன்று. தன் வாழ்க்கையே சரியான வாழ்க்கை என்ற நினைப்போடு யாழ்ப்பாணத்து வதனி கிளிநொச்சிக்குப் போய் இறங்கினால் நான் அந்தத் தொடரை வாசிக்க மாட்டேன். கிளிநொச்சி வதனி இவளைக் கண்டவுடன் கேட்கப்போகும் முதற் கேள்வி எனக்குத் தெரியும்: இப்போது வருகிறாயே, 2009இல் எங்கே இருந்தாய்? அந்தக் கேள்விக்கு உங்கள் நாயகியிடம் பதில் இருக்கிறதா?

தீவகத்தான் எழுதியது:

அக்கா கேட்ட கேள்வி கடுமையானது. அதைக் கீரிமலைக்காற்றுக்கே விட்டுவிடுகிறேன். நான் பழைய இலக்கியத்தின் பக்கம் போகிறேன், ஏனென்றால் வேறு உலகத்துக்குப் போய்த் தன்னையே காணும் பெண் எங்களுக்குப் புதியவள் அல்லள்.

ஞானவாசிட்டம் என்ற வேதாந்த நூலில் வரும் லீலையின் கதையை நினைத்துப் பாருங்கள். கணவனாகிய பதும மன்னன் இறந்தபின், சரசுவதியின் அருளால் அரசி லீலை வேறோர் உலகத்துக்குள் போகிறாள். அங்கே அவள் கணவன் விதூரதன் என்ற பெயரில் அரசாள்கிறான். அவன் பக்கத்தில் இருக்கும் அரசியும் லீலை என்ற பெயரும் அதே உருவமும் உடையவள். அந்த இரண்டாம் லீலையை முதல் லீலை காப்பாற்றவுமில்லை, திருத்தவுமில்லை. இரண்டாம் லீலை தானே சரசுவதியிடம் வரம் கேட்டுப் பெற்றுக்கொள்கிறாள். இறுதியில் உயிர்த்தெழுந்த பதுமனோடு இரண்டு லீலைகளும் வாழ்கிறார்கள். சந்திக்கப்படும் பெண்ணுக்குத் தனி விருப்பமும் தனி வழிபாடும் உண்டு என்பதை அந்தக் கதை மறக்கவில்லை.

எங்கள் கடற்பக்கத்துக் கதை மணிமேகலை. மணிபல்லவம் நயினாதீவுதான் என்று பலர் கருதுவர். குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். சாவக நாட்டை ஆண்ட புண்ணியராசன் மணிபல்லவத்துக்கு வந்து, முற்பிறப்பில் ஆபுத்திரனாக அத்தீவில் உயிர்விட்ட தன்னுடைய எலும்புகளையே மணலுக்குள்ளிருந்து தோண்டிக் காண்கிறான். தன்னைத் தானே சந்திப்பதை இதைவிடத் துணிச்சலாக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

ஆனால் கீரிமலைக்காற்று கவனிக்க வேண்டிய பகுதி காயசண்டிகை பற்றியது. யானைத்தீ என்ற தீராப் பசியால் வருந்திய அவளுக்கு மணிமேகலை அமுதசுரபியிலிருந்து சோறிட்டுப் பசியைத் தீர்த்தாள், அது உதவி. பின்னர் தன்னை விரும்பித் தொடர்ந்த இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்புவதற்காகக் காயசண்டிகையின் உருவத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். அவளைத் தன் மனைவியென நம்பி வந்த காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், அவள் அருகில் உதயகுமாரனைக் கண்டு அவனை வெட்டிக் கொன்றான். இன்னொருத்தியின் முகத்தோடு நடமாடுபவள் அவளுடைய உறவுகளையும் பகைகளையும் சேர்த்தே சுமக்கிறாள். உங்கள் வதனி பிறந்ததிலிருந்தே மற்ற வதனியின் முகத்தோடு இருக்கிறாள். கிளிநொச்சிக் கடைத்தெருவில் அவளைக் கண்டு கடனைத் திருப்பிக் கேட்பவர் யார், முகத்தைத் திருப்பிக்கொள்பவர் யார் என்று எழுதினாலே இரண்டு அத்தியாயங்கள் நிரம்பிவிடும்.

இரவுநேரத் தாதி எழுதியது:

மற்றொருவர் தர முடியாத, தன்னால் மட்டுமே தனக்குத் தரக்கூடிய உதவி எது என்று யோசித்தேன். எனக்கு உடனே தோன்றியது சிறுநீரகம்.

மனிதர்களிடையே முதன்முதலில் வெற்றி பெற்ற சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1954 டிசம்பர் 23ஆம் திகதி பொஸ்ரன் நகரில் நடந்தது. ஜோசப் மரே அதைச் செய்தார், 1990இல் நோபல் பரிசும் பெற்றார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள் என்பதாலேயே அது சாத்தியமானது. பிறருடைய உறுப்பை உடல் அந்நியமாகக் கண்டு எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் அப்போது கைக்கு வந்திருக்கவில்லை. வதனிகள் இருவரும் அந்த இரட்டையர்களை விட நெருக்கமானவர்கள். யாழ்ப்பாணத்து வதனியின் சிறுநீரகத்தை கிளிநொச்சி வதனியின் உடல் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்ளும். காயப்பட்ட காலத்தில் அவளுக்குப் பிறருடைய இரத்தம் ஏற்றப்பட்டிருந்தாலும், அதனால் உண்டாகும் எதிர்ப்புப் பொருள்கள் பிறருக்கு எதிரானவையே ஒழிய அவளுக்கு எதிரானவை அல்ல. மற்ற நோயாளர்களுக்கு பொருத்தம் பார்ப்பதில் நாங்கள் படும் பாட்டை அறிந்தவள் என்பதால் இதை எழுதும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாகவும் இருக்கிறது.

ஆனால் நோயின் காரணத்தைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். பரம்பரையாக வரும் சிறுநீரக நோயை எழுதினால் கொடுப்பவளுக்கும் அதே நோய் இருக்கும், கதை அங்கேயே நின்றுவிடும். கவனிக்கப்படாத உயர் இரத்த அழுத்தம், ஆண்டுக்கணக்காக விழுங்கிய வலி நிவாரணிகள் போன்று வாழ்க்கை உண்டாக்கிய காரணமாக இருக்க வேண்டும். அப்போது அவளுடைய பாதிப்பு 1996க்குப் பிறகு வந்தது என்பது மருத்துவ அறிக்கையிலேயே தெரிந்துவிடும்.

இதில் உங்களுக்குத் தேவையான கட்டுப்பாடும் அடங்கியிருக்கிறது. அவளால் ஒரு முறைதான் கொடுக்க முடியும். மூன்றாவது வதனியும் அதே நோயோடு படுத்திருப்பதைக் காணும்போது அவளிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

நூலகப்பூச்சி எழுதியது:

எல்லோரும் நோயையும் துயரத்தையும் பற்றியே எழுதுகிறீர்கள். 1981 ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியாத உலகத்துக்கு வதனியை ஒருமுறை அனுப்புங்கள். 97,000 நூல்களும் ஏடுகளும் அப்படியே இருக்கும். கையில் ஏந்தக்கூடியதைத்தான் கொண்டுபோகலாம் என்றால் கைப்பேசியைக் கொண்டுபோய் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வரட்டும். எனக்கு வேறு எந்த அத்தியாயமும் வேண்டாம்.

மட்டுறுத்துநர் எழுதியது:

நூலகம் பற்றித் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. இங்கே வதனி வதனிக்குச் செய்யும் உதவியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பௌதிக ஆசிரியர் எழுதியது:

மட்டுறுத்துநர் பொறுத்தருள வேண்டும், நூலகப்பூச்சி சொன்னதில் இழைக்குத் தேவையான ஒன்று இருக்கிறது. அந்த உலகம் பிரிந்தபோது வதனிக்கு வயது இரண்டு. அதற்குப் பின் எதுவுமே இங்குள்ளதுபோல் நடந்திருக்க வேண்டியதில்லை. அங்கே இருக்கும் வதனிக்கு எங்கள் வதனியின் உதவி தேவைப்படாமல் போகலாம். அவள் இவளுக்கு உதவுபவளாக இருக்கலாம். நாயகி எப்போதும் கொடுப்பவளாகவே இருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லையே.

வாசகர்கள் கட்டாயம் கேட்கப்போகும் ஒன்றுக்கும் இப்போதே ஆயத்தமாக இருங்கள். கிளைகள் எண்ணற்றவை என்றால், அவள் ஒருத்திக்கு உதவினாலும் உதவி கிடைக்காத வதனிகள் எண்ணற்றோர் இருப்பார்கள், ஆகவே அவள் செய்வதற்குப் பொருள் இல்லை என்பார்கள். இது பல உலகங்களுக்கு மட்டும் உரிய வாதம் அன்று. இந்த ஓர் உலகத்திலும் ஒரு பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும்போது சொல்லிக்கொடுக்கப்படாத பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். வதனி ஆசிரியை, இதை அவளே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம்.

நொத்தாரிசின் மகள் எழுதியது:

இரவுநேரத் தாதி அக்காவின் யோசனை அருமையானது என்றாலும் நடைமுறையில் ஒன்று இடிக்கிறது. சிறுநீரகம் கொடுக்க வருபவர் யார் என்று வைத்தியசாலை கேட்காதா? அந்த உலகத்தில் யாழ்ப்பாணத்து வதனிக்குச் சட்டப்படி இருப்பே கிடையாது. அவளுடைய தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்வோம். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 சேரும். பெப்ரவரி 10 ஆண்டின் 41ஆவது நாள். ஆகவே எந்த உலகத்து வதனியின் எண்ணும் 79541 என்றே தொடங்கும். 1996 ஏப்ரலுக்கு முன்னர் அட்டை எடுத்திருந்தால் முழு எண்ணும் ஒன்றாகவே இருக்கும். பின்னர் எடுத்திருந்தால் எஞ்சிய இலக்கங்கள் வேறுபடும். எதைத் தெரிவு செய்தாலும் அவளால் அங்கே தன் பெயரில் ஒரு கையெழுத்தும் இட முடியாது. இட்டால் அது ஆள்மாறாட்டம்.

எனக்குத் தோன்றும் உதவி இதைவிட எளியது, ஆனால் வன்னியிலிருந்து திரும்பியவர்களோடு பிரதேச செயலக வாசல்களில் நின்றவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். கிளிநொச்சி வதனி எல்லாக் காகிதங்களையும் இழந்தவள். மானிப்பாயில் அவள் தாயின் சீதனக் காணி இருக்கிறது, அதன் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், இல்லை. உறுதி எழுதும்போது மூலப்பிரதி உரியவரிடம் போகும், ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதியின் இலக்கமும் திகதியும் எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒன்றும் தெரியாமல் போனால் தேடுவது பெரும்பாடு. யாழ்ப்பாணத்து வதனியின் அலுமாரியில் அந்த உறுதி பத்திரமாக இருக்கிறது. அது பல பத்தாண்டுகளுக்கு முன்னர், உலகங்கள் பிரிவதற்கு முன்னர் எழுதப்பட்டது என்பதால் இரு உலகங்களிலும் அதே இலக்கம், அதே திகதி. அவள் ஒரு துண்டுக் கடதாசியில் அதை எழுதிக்கொண்டு போனால் போதும்.

காணி அவள் பெயருக்கு வந்தபின் அதை விற்றுச் சிகிச்சை செய்யலாம் என்று நீங்கள் எழுத நினைத்தால், அங்கேயும் ஒரு முடிச்சு காத்திருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் தன் காணியைக் கைமாற்ற முடியாது. கணவன் இருக்குமிடம் தெரியவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். கிளிநொச்சி வதனியின் கணவன் 2009க்குப் பின் எங்கே என்று தெரியாதவன் என்றால், சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கேட்கும் அந்த விண்ணப்பத்தில் அவள் என்ன எழுதுவாள், அதை எழுத அவள் மனம் ஒப்புமா என்பதில் உங்கள் கதை முழுவதும் இருக்கிறது.

சாவகச்சேரியாள் எழுதியது:

நொத்தாரிசின் மகள் சொன்னது என் மனதுக்கு மிகவும் பிடித்துவிட்டது. யாழ்ப்பாணத்து வதனியிடம் இருப்பவற்றுள் 1996க்குப் பின் வந்தவை அவளுடையவை: பட்டம், வேலை, வீடு. அவற்றைக் காட்டினால் அது பெருமை பேசுவதாகும். அதற்கு முன் இருந்தவை இருவருக்கும் சொந்தம். உறுதி இலக்கத்தோடு புகைப்படத் தொகுப்பையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். தாயின் திருமணப் படம், முதலாம் பிறந்தநாள், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி. வன்னி முழுவதும் இடம்பெயர்ந்தவர்களிடம் இவை எஞ்சவில்லை. அவற்றைக் கொடுக்கும்போது கொடுப்பவளுக்கு நன்றி சொல்ல வேண்டிய கடமைகூட மற்றவளுக்கு இல்லை, ஏனென்றால் படத்தில் இருக்கும் பிள்ளை அவளேதான்.

கீரிமலைக்காற்று எழுதியது:

உங்கள் எல்லோரையும் வாசித்தபின் முதல் மூன்று அத்தியாயங்களை மாற்றி அமைத்திருக்கிறேன். கிளை 1996 ஏப்ரலில், கிளாலிக்குப் போகும் வீதியில் பிரியும். காணியும் உறுதியும் முன்னே வரும், சிறுநீரகம் பின்னே வரும். அடையாள அட்டை விவகாரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

2009இல் எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, வதனியிடமும் இருக்காது. வழி அப்போது திறக்கவில்லை என்பது உண்மையான பதில், ஆனால் அதைச் சொல்வதால் கேட்டவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே கேள்வி கேட்கப்படும், யாழ்ப்பாணத்து வதனி பேசாமல் இருப்பாள், கிளிநொச்சி வதனி அவளை மூன்று அத்தியாயங்கள் வரை வீட்டுக்குள் விடமாட்டாள். பேச்செல்லாம் படலையடியில்தான்.

இன்னும் எனக்குப் பிடிபடாதது ஒன்று: அவ்வளவு அவமதிப்புக்குப் பிறகும் அவள் ஏன் திரும்பத் திரும்ப அங்கே போகிறாள்? இரக்கம் மட்டும் போதுமான காரணமாகத் தெரியவில்லை.

சாவகச்சேரியாள் எழுதியது:

அவளுக்கு ஒரு தம்பியைக் கொடுங்கள். வலிகாமத்துக்குத் திரும்பிய குடும்பத்தில் அவன் 1996இலேயே சோதனைச் சாவடி ஒன்றில் மறிக்கப்பட்டு, பின்னர் காணப்படவில்லை. வன்னிக்குப் போன குடும்பத்தில் அவன் உயிரோடு இருக்கிறான். ஒரு காலில் காயத்தோடு, கிளிநொச்சியில் மிதிவண்டி திருத்தும் கடை வைத்திருக்கிறான். அப்போது வன்னிக்குப் போனவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள், திரும்பியவர்கள் தப்பினார்கள் என்ற எளிய கணக்கும் உடைந்துவிடும். யாழ்ப்பாணத்து வதனி உதவப் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொள்ளட்டும். அவள் போவது தம்பியைப் பார்க்க. கிளிநொச்சி வதனி அதைக் கண்டுகொண்ட நாளில்தான் படலை திறக்கும்.

இரவுநேரத் தாதி எழுதியது:

அப்படியானால் தம்பியும் சிறுநீரகம் கொடுக்க முன்வரக்கூடியவன்தானே? உடன்பிறந்தவர்கள் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவன் பொருந்தினால் சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணத்து வதனி தேவையே இல்லை. அதைத் தெரிந்துகொண்ட பின்னும் அவள் தானே கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பாளா, தம்பியைக் கத்திக்குக் கீழே அனுப்ப விடுவாளா என்று எழுதுங்கள்.

நொத்தாரிசின் மகள் எழுதியது:

காணி விற்கும் உறுதிக்கு நொத்தாரிசோடு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவராகத் தம்பியைப் போடலாம். மற்றவராக யாழ்ப்பாணத்து வதனியை மட்டும் போட்டுவிடாதீர்கள். விற்பவரும் சாட்சியும் ஒரே முகத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தால் எந்த நொத்தாரிசும் பேனாவை மூடி வைத்துவிடுவார். அவள் வெளியே வாங்கில் காத்திருக்கட்டும், கைவிரல் அடையாளம் வைக்க மை கொண்டுவரச் சொன்னால் மட்டும் எழுந்து போய் வாங்கி வரட்டும்.